பதினோரு அழைப்புகள்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். ஆபீஸ் பிரிண்டர் மறுபடியும் மக்கர். இந்தத் தேயிலைத் தோட்டத்தின் மொத்த நெட்வொர்க்கையும் நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் ஆட்கள் என்னைத் தேடி வருவது பிரிண்டருக்கும் மறந்துபோன பாஸ்வேர்டுக்கும்தான்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் கீழ் லயத்துக்கு வைஃபை போட்டு இன்றோடு ஒரு வருடம். அந்தப் பள்ளத்தில் எந்தக் கம்பெனியின் சிக்னலும் எட்டாது. அங்கே போன் பேச வேண்டுமென்றால் எங்கள் வைஃபைதான் வழி. நான் பிறந்து வளர்ந்த லயம். சம்பளத்துக்காக இல்லாமல் ஆசைப்பட்டுச் செய்த வேலை அது ஒன்றுதான்.

6 ஆகஸ்ட், புதன்

மேனேஜர் சுப்பிரமணியம் கூப்பிட்டனுப்பினார். அவரை இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம்.

"உடம்பு சரியில்லன்னு எம்.சி. எடுத்துட்டு வீட்ல படுத்துக்கிட்டு வீடியோ பாக்குறானுங்க லா. காலையில ஏழுலேருந்து மூணரை வரைக்கும் லயத்துக்கு வீடியோவ அடைச்சிடு, யோகேஸ்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். எதை அடைப்பது, எதை விடுவது என்று ரௌட்டரில் ஒரு நீளப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துப் போட அரை மணி நேரம் ஆகும். அதற்குள் ஃபேக்டரியிலிருந்து போன், எடை பார்க்கும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று. 'எல்லாம்' என்பதை டிக் செய்துவிட்டு ஓடினேன். நாளைக்கு வீடியோவை மட்டும் தனியாகப் பிரித்துவிட வேண்டும்.

பிள்ளைகளை எந்த வயதில் சமூக ஊடகத்தில் விடலாம் என்று நாடு முழுக்க விவாதம் நடக்கிறது. ஆளாளுக்கு எழுதுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். கீழ் லயத்துக்குச் சட்டம் போட அதெல்லாம் வேண்டாம். நான் ஒரு டிக் போட்டால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை. அதை நினைக்கக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அப்புறம் மறந்துவிட்டேன்.

13 ஆகஸ்ட், புதன்

வழியில் சாந்தினி நிறுத்தினாள். லயத்தில் வேலம்மா அத்தைக்குப் பக்கத்து வீடு. நேற்று லீவில் இருந்தாளாம். "பகல்ல போன் கோல் போக மாட்டுதுக்கா. மெசேஜும் போகல." மழையாக இருக்கும், பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

ஆண்டியப்பன் மாமாவுக்கு ஸ்ட்ரோக்.

வேலம்மா அத்தையின் புருஷன். தோட்டத்தில் செடிகளுக்கு மருந்தடிக்கிற வேலை அவருக்கு. தலைசுற்றல் என்று இரண்டு நாளாக எம்.சி.யில் வீட்டில் இருந்தார். காலை பத்தரை மணிக்கு மேல், தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து கப் விழுந்திருக்கிறது. பிறகு வாய் கோணிவிட்டது. லயத்தில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்ட நேரம். வேலம்மா அத்தை மட்டும்தான் கூட. போன் போகவில்லை என்று, முட்டிவலியோடு அந்த ஏற்றத்தில் மேல் கேட் வரைக்கும் நடந்து போய், அங்கே காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து ஆபீசுக்குச் செய்தி போய், ஆபீசிலிருந்து லோரியை அனுப்பியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள்.

போன் போகவில்லை. போன் ஏன் போகவில்லை?

20 ஆகஸ்ட், புதன்

ரௌட்டரின் பதிவைத் திறந்து பார்த்தேன். அத்தையின் போனிலிருந்து 10.42க்கு முதல் அழைப்பு. கடைசி 11.05. பதினோரு அழைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே வார்த்தை: தடுக்கப்பட்டது.

நான்தான். துரை வீடியோவை மட்டும்தான் சொன்னார். 'எல்லாம்' என்று போட்டது நான். சாந்தினி சொன்னாளே, அப்போதாவது பார்த்திருக்கலாமே. இரண்டு நிமிஷ வேலை. ரெண்டே நிமிஷம். என்னத்துக்குடி உனக்கு இந்த வேலை?

யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

துரையிடம் போய்ச் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மழையில லைன் போச்சுன்னு ரிப்போர்ட் எழுதிடு."

"அன்னிக்கு மழையே இல்ல, சார்."

"முந்தின நாள் பேஞ்சுச்சுல்ல. உனக்காகத்தான் சொல்றேன். நீ உண்மைய எழுதுனா ஆண்டியப்பன் கை திரும்பி வந்துடுமா?"

கெட்ட மனிதர் இல்லை. என் அப்பா இறந்தபோது ராத்திரி முழுக்க எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தவர். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. மழை என்று ரிப்போர்ட்டை அடித்து முடித்தேன். அனுப்பவில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஈப்போ. மாமாவுக்கு வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

அத்தை கட்டிலோரத்தில் உட்கார்ந்து, யார் வந்தாலும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் சொன்னார்.

"எனக்கு போன் அமுக்கத் தெரியல யோகேஸ். பச்சைய அமுக்குனா தானா கட்டாயிடுது. மறுபடி அமுக்குனேன். எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல. என்னால வந்தது எல்லாம். ஒரு போன் பண்ணத் தெரியாதவ நான்."

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. "அப்படியெல்லாம் இல்லத்தை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

25 ஆகஸ்ட், திங்கள்

எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல.

27 ஆகஸ்ட், புதன்

அரை நாள் லீவு போட்டு மறுபடியும் ஈப்போ போனேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் அத்தையை உட்கார வைத்துச் சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. ரௌட்டர், டிக் என்றெல்லாம் உளறியிருக்கிறேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் நேராகச் சொன்னேன்.

"நீங்க கூப்பிட்டது போகாம அடைச்சு வச்சது நான்தான் அத்தை."

என்னையே பார்த்தார்.

"அப்ப நான் சரியாத்தான் அமுக்குனேனா?"

"சரியாத்தான் அமுக்குனீங்க."

"எத்தன தடவ?"

"பதினோரு தடவ."

அவர் அழவில்லை. சேலை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "போயிடு" என்றார். வந்துவிட்டேன்.

2 செப்டம்பர், செவ்வாய்

மழை ரிப்போர்ட்டை அழித்தேன். நடந்ததை நடந்தபடி, ரௌட்டர் பதிவோடு சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். துரைக்கும் ஒரு நகல்.

18 செப்டம்பர், வியாழன்

விசாரணை முடிந்தது. மாதக் கடைசியோடு எனக்கு வேலை இல்லை. துரைக்கு எச்சரிக்கைக் கடிதம். எந்த நேரத்திலும் லயத்தின் அழைப்புகளை அடைக்கக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு வந்திருக்கிறது. வெளியே வரும்போது துரை, "ஒரு வரி. மாத்தி எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும் லா" என்றார். கோபம் இல்லை அவர் குரலில். களைப்புதான் இருந்தது.

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

26 செப்டம்பர், வெள்ளி

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். வாரா வாரம் வியாழக்கிழமை தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி. என் காடியில் கூட்டிப்போகிறேன் என்று சாந்தினி மூலம் கேட்டுப் பார்த்தேன். "வேணாமாம்க்கா."

2 அக்டோபர், வியாழன்

காலையில் சாந்தினி போன் செய்தாள். சொல்லி வைத்த வேன் வரவில்லையாம். "அவள வரச் சொல்லுன்னு அத்தை சொன்னாங்க."

போனேன். மாமாவைத் தூக்கிக் காரின் முன் சீட்டில் உட்கார வைத்தோம். அத்தை பின்னால் ஏறினார். போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை இல்லை. மாமா மட்டும் இடது கையால் டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டே வந்தார்.

9 அக்டோபர், வியாழன்

இன்றும் போனேன். பேச்சில்லை.

பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். வியாழக்கிழமை காலைகளில் மட்டும் வர முடியாது என்று நேர்முகத்திலேயே சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். சொன்னேன்.

16 அக்டோபர், வியாழன்

பயிற்சி முடிந்து கீழ் லயத்தில் இறக்கிவிட்டேன். மாமாவை உள்ளே விட்டுவிட்டு அத்தை திரும்பி வந்தார். நான் காடியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைத் தட்டினார். போனை நீட்டினார்.

"உன் நம்பர இதுல போட்டுக் குடு. தேடாம மொதல்ல வர்ற மாதிரி."

போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். பிறகு பச்சையை அமுக்கினார்.

பக்கத்து சீட்டில் என் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. அவரும் நிறுத்தவில்லை. அது அடித்து ஓயும் வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.