உயிரோடு இருப்பவருக்குச் சந்தன மாலை

தை 5, திங்கள்

பனி. பத்து மணி வரை மாடியில் வெயில் இல்லை, மிளகாய் காயவில்லை.

பேரப்பிள்ளைகள் கணக்கு.
கயல்விழி, பெரியவன் மகள்: டாக்டர் முடித்தாள், கோயமுத்தூரில் மேல்படிப்பு. தங்க மெடல்.
பிரபு: சி.ஏ. ஒரே தடவையில் பாஸ். மில் ஆடிட்டரே வீட்டுக்கு வந்து கை கொடுத்தார்.
திவ்யா: ஹேண்ட்பால், மாநில டீம். முட்டியில் தையல். பரவாயில்லை.
அஸ்வின்: ஐந்தாவது. நான் நின்ற வகுப்பு. அவன் நிற்கமாட்டான். கணக்கில் நூறு.

பக்கத்து வீட்டில் சொன்னால் கண் படும். இங்கே எழுதினால் படாது.

நாளை சிதம்பரம் போகிறோம். அங்கே கட்டிய டயாலிசிஸ் கூடத்தை இவர் இன்னும் பார்க்கவில்லை. திறப்பு விழா அன்று நெஞ்சு படபடவென்று வந்து, கூட்டத்துக்குப் போகக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். வெள்ளிக்கிழமை பாண்டியில் ஆஞ்சியோ. இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

தை 6, செவ்வாய்

போய் வந்தோம்.

கூடம் நன்றாக இருக்கிறது. சுத்தம். ஏ.சி. எல்லாம் நம் மில் பணம். கீரப்பாளையத்தில் ஒரே மில்லோடு இருந்த காலத்திலிருந்தே, புது நெல் அரைக்கும் முதல் நாள் வரும்படி தருமத்துக்கு. மாமனாரின் அப்பா வைத்த வழக்கம். இவர் மில்லை நான்காக்கினார், ஒரு நாளை ஒரு மாதமாக்கினார். அந்த மாதத்தில் நானும் நகை என்று வாய் திறந்ததில்லை.

இவர் முட்டி வலி என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் உள்ளே. ஹாலில் மூன்று போட்டோ. மாமனாரின் அப்பா, மாமனார், மூன்றாவது இவர். மூன்றுக்கும் சந்தன மாலை. மூன்றுக்கும் குங்குமம். மூன்றுக்கும் கீழே சிவப்பு பல்பு எரிகிறது.

மேனேஜரைக் கூப்பிட்டேன்.

மேனேஜர் ஓடி வந்தார். "மூணும் ஒரே மாரி இருந்தா பாக்க நல்லாருக்கும்னு ஆசாரி மாட்டிட்டாரும்மா. யாரும் கவனிக்கல."

அதற்குள் வாசலில் பேச்சுக் குரல். குமராட்சிப் பக்கத்து அம்மா ஒருத்தி, மகன் உள்ளே மிஷினில் படுத்திருக்கிறான். இவர் யாரென்று தெரியாமல் இவரோடு பேசுகிறாள்.

"இது யாரு கட்டுனது?" என்கிறார் இவர், ஒன்றும் தெரியாதவர்போல.

"கடலூரு மில்லுக்காரரு. பாவம், போய்ட்டாரு."

"அப்புடியா. எப்பிடிப் போனாராம்?"

"நல்ல சாவுதாங்க. படுக்கல, கெடக்கல. மின்னல்லாம் பாண்டிக்குப் போவோம். போறதும் வர்றதுமே ஒரு நாளு. பையன் பஸ்ஸுலயே சுருண்டுடுவான். இப்ப ஊட்டுக்கு வந்து சோறு துன்றான். அந்த மனுசன் இருந்தப்ப பாத்திருந்தா கால்ல வுழுந்திருப்பேன்."

"அதுக்குப் பயந்துதான் மின்னாடியே போய்ட்டாரு போல. சம்சாரம் இருக்குதா?"

"இருக்குதாம். அது கொஞ்சம் கெடுபுடின்னு சொல்றாங்க."

"நானும் அப்பிடித்தான் கேள்விப்பட்டேன்."

காரில் மாலை விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"இருக்கட்டும் வுடு சரோஜா. உசுரோட இருக்கறவன ஒருத்தரும் இவ்ளோ நல்லதா பேசுனதில்ல. சிபாரிசு கேப்பாங்க, இல்லன்னா திட்டுவாங்க."

"நான் பொட்டும் பூவுமா இருக்கேன். கழட்டச் சொல்லுங்க."

"வெள்ளிக்கெழம போவட்டும், பாத்துக்கலாம். கழட்டிட்டு மறுபடியும் மாட்டறதா இருந்தா ரெண்டு வேல."



தை 7, புதன்

தூறல். மேனேஜருக்கு போன் போட்டேன். "ஐயா இருக்கட்டும்னுட்டாரும்மா" என்கிறார். இவருக்கு ரசம் சாதம். சாயந்திரம் கயல் வந்துவிட்டாள், லீவு போட்டு.

தை 9, வெள்ளி

பாண்டி. அடைப்பு ஒன்று. ஸ்பிரிங் மாதிரி ஒன்றை உள்ளே வைத்தார்கள். கயல் உள்ளேயே நின்றாள். டாக்டருக்கு டாக்டராகப் பேசுகிறாள், இங்கிலீஷில். வராந்தாவில் உட்கார்ந்த நேரம் முழுக்க என் கண்ணில் அந்தச் சிவப்பு பல்புதான்.

வெளியே கொண்டுவந்தார்கள். என்னைப் பார்த்தார். "மாலய கழட்டிடு" என்றார். சிரிக்கவில்லை.

அவரும் பயந்துதான் இருந்திருக்கிறார்.

தை 20, செவ்வாய்

நல்ல வெயில். மிளகாய் காய்ந்தது.

டாக்டர் கார் பயணம் சரி என்றார். கயலும் கூட. சிதம்பரத்தில் ஸ்டூல் போடச் சொல்லி, பிடித்துக்கொள்ளச் சொல்லி, நானே ஏறினேன். இவருடைய மாலை, பல்பு, போட்டோ எல்லாம் கீழே. மேனேஜர் குனிந்த தலை நிமிரவில்லை. திட்டவில்லை. ஆசாரி மேலும் தப்பில்லை. முன்னவர்கள் இரண்டு பேரும் அப்படி இருக்கும்போது அவர் என்ன செய்வார்.

அன்றும் மகனோடு வந்திருந்த குமராட்சி அம்மா, என் கையிலிருந்த போட்டோவையும் பக்கத்தில் நின்ற இவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னாங்க இது, நீங்கதானா அது? என்னையே வுட்டு உங்க சாவ சொல்ல வெச்சீங்களே."

"நல்ல சாவுன்னுதானே சொன்ன. மனசுக்கு நெறவா இருந்துச்சு."

அப்புறம் அவள் கண் என் பக்கம் வந்தது. "அப்ப இவுங்க..."

"நாந்தான் அந்தக் கெடுபுடி" என்றேன்.

புடவையால் வாயை மூடிக்கொண்டாள். காலில் விழ வந்தவளை இவர் விடவில்லை. சரி, ஒரு டீயாவது வாங்கித் தருவேன் என்று அடம். அவள் காசில். இவர் மறுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் இவருக்கு யாரும் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. பெஞ்சில் இரண்டு பேரும், கையில் டீ. கயல் செல்போனில் எடுத்தாள். போட்டோவில் பல் தெரிகிறது இவருக்கு.

தை 22, வியாழன்

கயல் நேற்று ஊருக்குப் போய்விட்டாள். மேனேஜர் போன். "பழைய போட்டோவையே மாலை இல்லாம மாட்டிடட்டுமாம்மா?" வேண்டாம் என்றேன். அதில் கோட்டுப் போட்டு விறைப்பாக இருக்கிறார். இன்னொரு ஆசாரி வந்தால் இன்னொரு மாலை.

இப்போது கயலிடம் போனில் சொன்னது: "அந்த டீ குடிக்கிற போட்டோவப் பெருசா பிரிண்ட் போடு கண்ணு. டீ குடிக்கிற ஆளுக்கு எவனும் மாலை போட மாட்டான். செல்லுல அனுப்பாத, ஆயாவுக்குத் தொறக்கத் தெரியல. நல்ல அட்டையா வெச்சு, மடங்காம, தபால்ல அனுப்பு. நாளைக்கே."