எட்டாவது துணி

மாசி, ஞாயிற்றுக்கிழமை. நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

ஹெப்பாள் ஷெட்டில் மாப்பிள்ளை தன் பழைய பந்தயக் கார் எஞ்சின்மேல் சூப்பர்சார்ஜரை ஏற்றப் போனார். காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் இரும்புப் பெட்டி அது. அதுவரை எஞ்சின் ஓட்டைகளில் தூசி விழாமல் அடைக்க, என் சேலையை எட்டாய்க் கிழித்து மகளிடம் கொடுத்திருந்தேன். இப்போது ஏழுதான் வெளியே வந்தது.

என்னைக் கைநாட்டு என்ற அவரோடு ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை. இன்று வாய் திறந்தேன்.

“மாப்ளே, நிறுத்துங்க! ஒரு துணி உள்ள இருக்கு.”

“எல்லாம் எடுத்தாச்சு அத்தே.”

“எட்டு கிழிச்சேன். எனக்கு மறக்காது.”

ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார், துணி வந்தது. “எஞ்சினே போயிருக்கும் அத்தே” என்றார், முகம் வெளுத்து.

சாயங்காலம் எஞ்சினை முடுக்கியபோது தகரக் கூரையும் என் பல்லும் அதிர்ந்தன. நாம் மூச்சிழுக்கும் அதே காற்றுதானே இப்படி உறுமுகிறது! என்னை அறியாமல் கைகூப்பி நின்றுவிட்டேன்.