வெண்கட்டி வைத்துப் பார்த்த கண்

மச்சான்,

மூன்று நாளாக எனக்குப் பல்லுக்கொதி. இன்று காலை என் மனைவி குசினியில் கொய்யா இலையை அவித்து, ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்து, "இதை வாயில வச்சுக் கொப்பளியுங்கோ, கொதி பறந்துபோயிடும்" என்றாள். ஒரு மிடறுதான் வைத்தேன். கிணற்றடிக்கு ஓடிப்போய், இரவு தின்ற இடியப்பத்தையும் சேர்த்து வாந்தி எடுத்தேன். "என்னப்பா, கொய்யா இலைதானே? நஞ்சே தந்தனான்?" என்று அவள் பயந்துபோனாள். அவளுக்கு என்னவென்று சொல்ல? அதுதான் உனக்கு எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. "விடடா பழங்கதையை" என்று இடையில் புகுந்து என் வாயை அடைக்க இனி உனக்கு ஏலாது.

நாடே ஒரு றாத்தல் பாணுக்கு வரிசையில் நின்ற பஞ்ச காலம் அது. அப்போதும் நம் கல்லூரி உதைபந்துக் குழு விளையாடினால் பாதி ஊர் மைதானத்துக்கு வந்துவிடும். நீ முன்வரிசையில் இடதுபக்கம் ஓடுகிறவன். நான் உன் பதிலாள். அதாவது, வாங்கில் குந்தியிருந்து, இடைவேளையில் நீங்கள் சப்பித் துப்பிய தோடம்பழத் தோல்களைப் பொறுக்குகிறவன். உனக்குக் காய்ச்சல்கூட வராது என்பது எனக்குப் பெரிய மனக்குறை. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை, வெட்கப்பட வேறு விஷயம் நிறைய இருக்கிறது.

கோட்டைக்குள் மான்கள் படுத்திருக்கும் மரநிழலில் நாங்கள் நாலு பேர் பயிற்சிக்கு முதல் கஞ்சா சுருட்டிப் பத்துவோம். அது மூச்சை இரைக்கவிடாது, காலைக் களைக்கவிடாது என்று எவனோ ஒரு மடையன் சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டோம். மூச்சு இரைத்தது, காலும் களைத்தது. பந்து ஒரு பக்கம் போக, நாங்கள் மறுபக்கம் நின்று பல்லைக் காட்டினோம். அப்போது அதை வீரம் என்று நினைத்தேன். உனக்கு அந்த மணமே பிடிக்காது. "உந்தச் சனியனைப் பத்திப்போட்டு ஓடினா கோல் கம்பம் நாலாத் தெரியுமடா. எந்தக் கம்பத்துக்கை அடிப்பாய்?" என்று என் தலையில் குட்டுவாய். குட்டுவாயே தவிர, ஒருநாளும் யாரிடமும் காட்டிக்கொடுத்ததில்லை.

அந்த ஆண்டு இறுதிப் போட்டியைப் பார்க்கத் துறைமுகக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி ஐயா வருவதாக இருந்தது. கந்தோர்க் குழுவுக்கு இடதுபக்கம் ஓட ஓர் ஆள் தேவை. எடுபடுகிறவனுக்கு எழுதுவினைஞர் வேலையும் உண்டு. உன் ஆட்டத்தை ஊரே அறியும். அதிபரின் கையெழுத்தோடு ஒழுக்கச் சான்றிதழ் ஒன்று மட்டும் வேண்டும். கரைவலை இழுத்து முதுகு போன உன் அப்பா, "இவன் ஒருத்தனாவது கதிரையில இருந்து உழைக்கட்டும்" என்று கோயில் கோயிலாக நேர்ந்து வைத்திருந்தார்.

போட்டிக்கு முதல்நாள் காலை, உடுப்பு மாற்றும் அறையில் பாதி எரிந்த கஞ்சாச் சுருள் ஒன்று விளையாட்டு மாஸ்டரின் கண்ணில் பட்டது. அது என்னுடையது. வாங்கில் இருக்கப்போகிறவனுக்குக் கஞ்சா எதற்கு என்று கேட்காதே. மணியடிப்பதற்குள் பத்திவிட்டு, வீரன் வகுப்புக்குப் போய்விட்டான். "பந்துக் குழு எல்லாரும் அதிபரின்ர விறாந்தைக்கு வரட்டாம், சோதிக்கப் போகினமாம்" என்று ஆள் வந்து சொன்னான். நீதான் என்னைத் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாய். அங்கே நின்ற கொய்யாவில் ஒரு பிடி இலை பிடுங்கி என் வாயில் திணித்தாய். "சப்படா. விரலிலயும் நல்லாத் தேய். மூதேவி, உனக்கு எத்தினை தரம் சொன்னனான்!"

நான் சப்பினேன். நீ சப்பவில்லை. உனக்கு ஏன்?

பதினைந்து பேரும் வரிசையில் நின்றோம். மாஸ்டர் சோதனையைத் தொடங்கினார். ஒவ்வொருவனின் விரலையும் நாய் மோப்பம் பிடிப்பதுபோல் மோந்தார். "வாயை ஊது" என்றார். எங்கள் வாயில் கஞ்சா தேடிய அந்த மனிசனின் வாயில் முந்தின இரவு குடித்த சாராயம் நாறிக்கொண்டிருந்தது. விறாந்தையில் நின்ற அத்தனை பேருக்கும் அந்த நாற்றம் அடித்தது, அதிபர் உட்பட. ஒருவரும் மூக்கைக்கூடச் சுழிக்கவில்லை. என் முறை வந்தது. மோந்தார். "கொய்யா இலையால பல்லு மினுக்கிற பொடியன்" என்று முதுகில் தட்டினார்.

பிறகு தன் கைவித்தையை எடுத்தார். கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி ஒன்று. கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வெண்கட்டியைப் பிடித்தார். வெண்விழி அதைப்போல வெள்ளையாக இருந்தால் நல்லவன், சிவந்திருந்தால் கஞ்சாக்காரன். எந்த ஊரில் இந்தச் சோதனை? மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில்! காலையில் கடலில் இறங்கி வந்த எவனுக்குக் கண் வெள்ளையாக இருக்கும்? அன்று விடியவும் அப்பாவின் வலை கடலடிப் பாறையில் சிக்க, நீ அரை மணித்தியாலம் தண்ணீருக்கடியில் சுழியோடி அதைக் கழற்றிவிட்டு, ஈரத் தலையோடு பள்ளிக்கு வந்திருந்தாய். உன் கண் செம்பரத்தம்பூவாக இருந்தது.

"கஞ்சா குடிச்சனியோ?"

"இல்லை சேர்."

"அப்ப கண் ஏன் சிவப்பு?"

"வலை சிக்கினது சேர். சுழியோடினனான்."

"கடற்கரைப் பொடியளுக்குப் பொய்யும் நீச்சல் மாதிரித்தான், தானா வரும்" என்று மாஸ்டர் சிரித்தார். அவர் சிரித்ததற்காக எங்களில் சிலரும் சிரித்தார்கள். நானும் உதட்டை அசைத்தேன் என்றுதான் நினைக்கிறேன். சீ!

அதிபர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "நீ இல்லையெண்டா ஆர் எண்டு சொல்லு. சொன்னா உன்னை விடுறன். நாளைக்கு விளையாடலாம், சேட்டிபிக்கற்றும் தருவன்" என்றார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் உனக்குப் பக்கத்தில், முழங்கை முட்டும் தூரத்தில் நின்றேன். என் நாக்கில் கொய்யா இலையின் துவர்ப்பு. 'நான்தான் சேர்' என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? பயத்தில் வாய் வரவில்லை என்று பிறகு வருஷக்கணக்காக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நீ விலக்கப்பட்டால் இடதுபக்கம் யார் ஓடுவது என்று அந்த நேரத்திலும் என் மனம் கணக்குப் போட்டது. அந்த மனத்தோடுதான் இன்றும் சோறு தின்கிறேன்.

"தெரியாது சேர்" என்றாய் நீ. உன்னைக் குழுவிலிருந்து விலக்கினார்கள், சான்றிதழும் இல்லை என்றார்கள்.

உன் அப்பா மாலையில் ஓடிவந்து, "நான்தான் ஐயா கடலுக்கை இறக்கினனான், என்ர பிள்ளையில பிழையில்லை" என்று கும்பிட்டாராம். "தகப்பன் வேற எப்பிடிச் சொல்லுவார்?" என்று அனுப்பிவிட்டார்கள். ஒழுக்கம் நிலைநாட்டப்பட்டது.

மறுநாள் உன் சட்டையை நான் போட்டேன். தோளில் தொளதொளத்தது. வென்றோம்; நான் பந்தைத் தொட்டது ஆறேழு தடவை இருக்கும். மாலை போட்டார்கள். மாஸ்டர் மேடையேறி, கட்டுப்பாடுதான் வெற்றிக்குக் காரணம் என்று பேசினார். கந்தோர் ஐயாவுக்கு ஓர் இடதுபக்க ஆள் தேவை, இருந்த இடதுபக்க ஆள் நான் ஒருத்தன். 'நடத்தை மிகவும் நன்று' என்று அதிபர் எழுதித் தந்த தாளோடு வேலைக்குப் போனேன். நீ புல்மோட்டைக் கனிமணல் ஆலைக்கு மண் அள்ளப் போனாய், நாட்கூலிக்கு. நிரந்தரமாக்கச் சான்றிதழ் கேட்டபோதெல்லாம் உன்னிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகும் நீ என்னோடு கதைத்தாய், அதுதான் பெரிய தண்டனை. பஸ் நிலையத்தில் கண்டால் ஓடிவந்து தோளில் அடிப்பாய். "என்ன ஐயா, கந்தோரில பந்து உங்களை மதிக்குதோ? இடக்கால் இன்னும் மரக்கால்தானோ?" என்பாய். நான் தொடங்கப் பார்த்தால், "விடடா பழங்கதையை. பிளேன்ரீ வாங்கித் தா" என்று கடைக்குள் இழுத்துப் போவாய். உன் கண் அப்போதும் சிவப்புத்தான். கடைசியில் அது மஞ்சளாகியது, ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்து கண்ணை மூடினாய்.

உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து கிழமை இரண்டு போக, ஒருநாள் துணிந்து அன்புவழிபுரத்தில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"தங்கச்சி, உங்களுக்கு ஒரு கதை சொல்லவேணும். பள்ளிக்கூடத்தில நடந்தது" என்றேன். 

"அந்தக் கஞ்சாக் கதையோ? எனக்குத் தெரியும் அண்ணை. கலியாணம் முடிச்ச மாசமே சொன்னவர்."

 அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், சந்தையில் விலை சொல்வதைப்போலச் சொன்னாள்:

"அவருக்கு உங்களில கோவம் இல்லை அண்ணை. எனக்கு இருக்கு. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

குடித்தேன், அடிமண்டிவரை. உன்னுடைய மன்னிப்பை நான் ஒருநாளும் கேட்டதில்லை மச்சான், நீயாகவே என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய், அது இத்தனை வருஷமும் எனக்குக் குமட்டுகிறது. அவளுடைய கோபம் அப்படியில்லை. அதை மட்டும்தான் முகம் சுழிக்காமல் வைத்திருக்க முடிகிறது.