வயிற்றில் ஒன்பது பாத்தி

உ

ஜேடர்பாளையம்
1938, ஆவணி

சிரஞ்சீவி வசந்தாமணிக்கு அப்பன் ஆசீர்வாதம் பண்ணி எழுதறது. இங்க நானும் உன் தம்பியும் மாடுகன்னும் செங்கோட்டு மலைச் சாமி புண்ணியத்துல சுகம், உங்கம்மா சங்கதிய மட்டும் பின்னால எழுதறேன், பதறாமப் படி சாமி. வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு, மஞ்சள் நல்லாப் புடிச்சிருக்குது, செவலை மாடு கெடாரிக் கன்னு போட்டிருக்குது.

உன் காயிதம் வந்துச்சு. ஈரல் எந்தப் பக்கம்னு டாக்டரம்மா கேட்டதுக்குக் கெழக்காலன்னு சொல்லிப்போட்டயாம், கூடப் படிக்கறவங்க சிரிச்சுப்போட்டாங்களாம், இந்த டாக்டர் படிப்பே வேண்டாம் வந்து கூட்டிக்கிட்டுப் போங்கன்னு எழுதியிருக்கற. கோவிச்சுக்காத கண்ணு, எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. உப்புச் சட்டி எங்கன்னு கேட்டாக்கூட அடுப்புக்கு வடக்காலன்னு சொல்ற ஊட்டுல பொறந்தவ வேற எப்படிச் சொல்லுவ? ஆனா அதே காயிதத்துல மேக்கொண்டு நீ எழுதியிருக்கறத நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். மனுசன் கையத் தொங்கவிட்டு உள்ளங்கை முன்னால தெரிய நிக்கணும், வலதுன்னா அவனோட வலது, பாக்கறவனோடது இல்லைங்கற. மலைமேல பாதி ஆணாப் பாதி பொண்ணா நிக்கற சாமி முன்னால நின்னா அம்மன் பாகம் நம்ம வலக்கைப் பக்கந்தான் தெரியுது, அதை இடப்பாகம்னுதான சொல்றோம், இத்தனை வருசம் கும்புட்டும் ஏன்னு எனக்குத் தோணவே இல்ல போ! உச்சியில இருந்து கோடு எறக்கி ஒடம்ப எடம் வலமாப் பிரிக்கறதும், முன்னு பின்னாப் பிரிக்கறதும், குறுக்க மேல் கீழாப் பிரிக்கறதும், வயித்த மட்டும் ஒன்பது பாத்தியாக் கட்டி ஒவ்வொண்ணுக்கும் பேரு வெச்சிருக்கறதும், அடேயப்பா! எம் மகளுக்கு இத்தனையும் தெரியுதேன்னு எனக்குப் பெருமை தாங்கல.

உங்கம்மாளுக்குப் படிச்சுக் காட்டினேன். கேட்டுக்கிட்டு இருந்தவ எந்திரிச்சு வந்து வலது பக்கம் அடிப் பாத்தியில கைய வெச்சு, இங்கதான் ஒரு வருசமா வலிக்குதுன்னு அவளுக்கு எழுதுங்கன்னா. சேலம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா ஆம்பள டாக்டருக்கு வயித்தக் காட்ட மாட்டேங்கறா. உன் பெரியம்மா சாலம்மாளும் இப்படி வாயே தொறக்காமத்தான் போய்ச் சேர்ந்தா. அதனால அழுகறத நிறுத்திப்போட்டு, சிரிச்சவங்க முன்னாலயே டாக்டரம்மாகிட்டப் போயி இந்த எடத்த அதோட பேரச் சொல்லிக் கேளு. அவங்க வரச் சொன்னா அடுத்த ரயிலுக்கே உங்கம்மாளப் பட்டணத்துக்குக் கூட்டிக்கிட்டு வாரேன். உன்னைக் கூட்டிக்கிட்டு வாரதுக்கு நான் வரமாட்டேன், தெரிஞ்சுக்க.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்க மறந்துராத. நீ நல்லாப் படிச்சு நூறு வருசம் இருக்கணும். கட்டுன புருசங்கிட்டச் சொல்லாத வலிய உங்கம்மா உங்கிட்டச் சொல்லியிருக்கறா சாமி.

இப்படிக்கு,
உன் அப்பன்
சென்னியப்பன்