என் கல்யாண கவுன் போன வழி

பிப்ரவரி 3, செவ்வாய்

மாதக் கடைசியில் வீடு மாறுகிறேன். ஒரே அறை, ஒரே அலமாரி. சாமான் கட்ட உதவுகிறேன் என்று வந்த தங்கை, மூன்று பெட்டிகளை மளமளவென்று கட்டினாள். கட்டிலுக்கடியில் கிடந்த நாலாவதைத் திறந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் கல்யாண கவுன்.

"இதையும் தூக்கிட்டுப் போகப் போறியாக்கா?"

"ஓரமா எங்கயாவது வெச்சுக்கறேன்."

"அந்த ஆளே விட்டுட்டுப் போய் ஒன்பது வருஷமாச்சு. இது மட்டும் எதுக்கு உன்கூடக் குடித்தனம் பண்ணுது? எரிச்சுத் தொலை."

ஆசையில் வைத்திருக்கிறேனா? சத்தியமாக இல்லை. ஆனால் பதினாறு வருஷமாக ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி துவைத்து, கிழிசல் தைத்து, மடித்து வைக்கிறவள் நான். நல்ல துணியைக் கொளுத்த எனக்குக் கை வராது. கெட்டுப்போனது கல்யாணம். துணி என்ன செய்தது, பாவம்?

பிப்ரவரி 7, சனி

பழைய உடுப்பு விற்கும் கடைக்குக் கவுனைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரம்மா விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "முழங்கை தாண்டிக் கை, கழுத்து வரைக்கும் மூடல், பின்னால வால் வேற. மஞ்சளும் பூத்திருக்கு. இதை இப்ப யாரும்மா போடுவா?"

அவளே ஒரு நாடகக் குழுவின் நம்பரைத் தந்தாள். கூப்பிட்டேன். "பேய் வேஷத்துக்கு ஆகும். ஆனா போன வாரம்தான் ஒண்ணு கிடைச்சுது" என்றார் அந்த மனிதர்.

பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது சிரிப்பு இல்லை. பேய்க்குக்கூட வேண்டாமாம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

போனில் படம் போட்டு "இலவசம்" என்று எழுதினேன். ஒரே ஒருத்தர் கேட்டார் - பெட்டி மட்டும் கிடைக்குமா என்று.

பிப்ரவரி 12, வியாழன்

துணி வண்டி தள்ளுகிறவர் இன்று லீவு. தோல் வார்டுக்கு நானே விரிப்புகளைக் கொண்டுபோனேன். நான் வார்டுக்குள் போவதே அபூர்வம். துணி கீழே வரும், வெளுத்து மேலே போகும். யார் படுக்கிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் - எனக்குத் தெரியாது.

கடைசிக் கட்டிலில் ஆள் இல்லை. பக்கத்து நாற்காலியின் நுனியில் ஒரு பெண், முதுகு எங்கும் படாமல், நெட்டுக்குத்தலாக உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் வேலையாம். வார்டு முழுக்க அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறது. லேசாக உரசினாலே தோல் கொப்புளித்து உரிந்துபோகும் வியாதி. படுத்துத் தூங்கிப் பதினோரு நாள் ஆகிவிட்டது என்று தலைமை நர்ஸ் சொன்னாள்.

நான் விரிப்பை உதறிப் போட்டேன். டீச்சர் கேட்டாள்: "இதைத் துவைக்கிறது யாரு?"

"நான்தாங்க."

"கோவிச்சுக்காதீங்க. மரம் தேய்க்கிற உப்புத்தாள் இருக்கே, அதுல படுக்கிற மாதிரி இருக்கு."

தடவிப் பார்த்தேன். வழவழ என்றுதான் இருந்தது - என் கைக்கு. என் கை எப்படிப்பட்ட கை? சலவைச் சோடாவில் ஊறிக் காய்த்துப்போன கை. மொடமொடன்னு இருந்தா நல்லா வெளுத்திருக்குன்னு நானே என்னைத் தட்டிக்கொடுத்துக்குவேன். பதினாறு வருஷம்! யாருக்குத்தான் துவைச்சேன் நான்?

பிப்ரவரி 13, வெள்ளி

தோல் டாக்டரை வராந்தாவில் மறித்துக் கேட்டேன். நின்று பதில் சொன்னார், நல்ல மனிதர். "பட்டு மாதிரி உரசாத துணி இருந்தா நல்லது. அது மருந்து இல்லை, ஆனா வலி குறையும். வாங்கித் தரச் சொல்லி எழுதியிருக்கோம். வர ரெண்டு மாசம் ஆகும்."

ரெண்டு மாசமா? அதுவரைக்கும் நாற்காலி நுனியிலயா?

வீட்டுக்கு வந்து, சாய்ந்துகொள்ளாமல் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். இருபது நிமிஷம். அதற்கு மேல் முடியவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

கவுன் பட்டா? மாமியார் "அசல் பட்டு, அசல் பட்டு" என்று ஏழு வருஷம் சொல்லிக் காட்டினார். நான் ஒருநாளும் நம்பியதில்லை. அந்த வீட்டில் சொன்ன எதுதான் அசலாக இருந்தது?

உள்தையலோரத் துணியிலிருந்து ஒரு நூலை உருவி, கிண்ணத்தின் மேல் பிடித்துத் தீக்குச்சியால் கொளுத்தினேன். நைலான் என்றால் உருகி மணி மாதிரி உருண்டுகொள்ளும். உருகவில்லை. தலைமுடி கருகிய நாற்றம். விரலில் எடுத்து நசுக்கினால் பொடிப்பொடியாகச் சாம்பல்.

பட்டு! மேலே மூடியிருந்த வலை மட்டும் நைலான். மற்றதெல்லாம் - பாவாடை, வால், கை, உள்துணி - சுத்தப் பட்டு.

அத்தை, உங்களை மன்னித்தேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

தங்கையைக் கூப்பிட்டு வாலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். "நான் எரிக்கச் சொன்னேன். நீ ஒரே ஒரு நூலை எரிச்சுட்டுப் புத்தி தெளிஞ்சு வந்து நிக்கிறே" என்றாள்.

கத்தரிக்கோலை வைத்துவிட்டு எடுத்தேன். மறுபடி வைத்தேன். அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்ற இருபத்தைந்து வயசுக்காரி எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அவள் ஏமாந்தது அவள் தப்பா?

"வெட்டட்டுமா?" என்று கேட்டேன். தங்கையைத்தான் கேட்டேனா, தெரியவில்லை.

"வெட்டுக்கா" என்றாள் மெதுவாக.

கர்ரென்று ஒரே சீராகப் போயிற்று. நல்ல பட்டு கத்தரியை எதிர்க்காது.

பிப்ரவரி 20, வெள்ளி

சர்வநாசம். முதல் தலையணை உறையை ஆஸ்பத்திரி முறைப்படி கொதிநீரில், காரச் சலவைப்பொடி போட்டு, பெரிய மெஷினில் ஓட்டினேன். கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி வெளியே வந்தது. முழு வாலில் நான்கில் ஒரு பங்கு போச்சு. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அறிவிருக்கா எனக்கு? ஊருக்கெல்லாம் துவைக்கிறவளுக்குப் பட்டைக் கொதிக்க வைக்கக் கூடாதுன்னு தெரியாதா?

பிப்ரவரி 22, ஞாயிறு

வெதுவெதுப்பான தண்ணீர். காரமில்லாத சோப்பு. பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, நிழலில் காயவைத்து, உள்பக்கம் மட்டும் லேசான சூட்டில் இஸ்திரி. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வைத்தது தெரியவே இல்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

தொற்றுத் தடுப்புப் பிரிவில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். நாங்கள் "கிருமி சிஸ்டர்" என்போம், அவள் காதில் விழாமல். உறையைப் பார்த்ததுமே கையை ஆட்டினாள்.

"வீட்டுத் துணியெல்லாம் வார்டுக்குள்ள விட முடியாது."

"வீட்டுத் துணி இல்ல சிஸ்டர். கல்யாணத் துணி."

அவள் சிரிக்கவில்லை.

வேறு நாளாக இருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். பதினாறு வருஷமாகத் தலையாட்டித்தானே வந்திருக்கிறேன். இன்று நகரவில்லை. "அந்தம்மா உட்கார்ந்துக்கிட்டே தூங்குறாங்க சிஸ்டர். எப்படித் துவைக்கணும், எத்தனை தடவை துவைக்கணும்னு நீங்க சொல்லுங்க. அப்படியே செய்யறேன். 'முடியாது'ன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றேன். என் குரலா அது? பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கிருமி சிஸ்டர் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூணு தடவை துவைச்சுக் குடுங்க. ஆய்வகத்துக்கு அனுப்பறேன். அங்க தேறலைன்னா அதோட விட்டுடணும்."

பிப்ரவரி 28, சனி

தேறிவிட்டது! கிருமி சிஸ்டரே படியிறங்கிச் சலவைக்கூடத்துக்கு வந்து தாளைக் கொடுத்தாள். அந்த ஒரு நோயாளிக்கு மட்டும், தனிப் பையில் கட்டி அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை. சரி சரி சரி.

இன்றுதான் வீடு மாறினதும். மூன்றே பெட்டி.

மார்ச் 3, செவ்வாய்

நேற்று மாலை கட்டிலில் பட்டு விரிப்பு, பட்டு உறை. நானும் தலைமை நர்ஸுமாக டீச்சரை அங்குலம் அங்குலமாகச் சாய்த்தோம். முதுகு பட்டதும் பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள். "இது என்னங்க, தண்ணி மேல படுத்த மாதிரி இருக்கு?"

காலையில் வேலைக்கு வந்ததும் நேரே மாடிக்கு ஓடினேன். தலைமை நர்ஸ் வாயில் விரல் வைத்துக் காட்டினாள்.

இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு மணி நேரமாக.

மார்ச் 6, வெள்ளி

தலைகால் புரியாமல் ஆடினேன், பட்டேன். கவுனின் மேல்பாகத்தைப் பிரித்து டீச்சருக்கு ஒரு நீளச் சட்டை தைத்தேன். அக்குளில் உள்தையல் உரசி, புதுசாக இரண்டு கொப்புளம். என்னால்!

மன்னிப்புக் கேட்கப் போனேன். "ஏங்க, என்கிட்ட ஓட்டப் பழகறவங்க முதல் நாளே ரிவர்ஸ்ல சுவத்துல இடிப்பாங்க. நான் வண்டியை வித்துட்டா போறேன்? மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுவேன்" என்றாள். கொப்புளத்தோடு என்னைச் சிரிக்க வைக்கிறாள்!

மார்ச் 13, வெள்ளி

தையல் முழுக்க வெளிப்பக்கம். பொத்தான் இல்லை, பட்டை இல்லை. முன்பக்கம் முழுக்கத் திறந்து, இரண்டு நாடா மட்டும். உள்ளே இருப்பதெல்லாம் ஒரே வழுவழுப்பு. தங்கை பார்த்துவிட்டு, "உள்பக்கத்தை வெளியே போட்ட மாதிரி இருக்கு. பைத்தியக்காரச் சட்டை" என்றாள்.

மார்ச் 20, வெள்ளி

பைத்தியக்காரச் சட்டை ஒரு வாரம் தாங்கிவிட்டது. ஒரு கொப்புளம்கூட இல்லை. டீச்சர் அதைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். மருந்தும் வேலை செய்கிறது என்றார் டாக்டர். தூங்கினால்தான் உடம்பு மருந்துக்கு மசியும் என்றும் சொன்னார்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்கிறார்கள்: "எங்களுக்கு இல்லையா?"

என் கவுனில் மிச்சம் ஒரு கையும் கழுத்தும்தான். எங்கே போவேன்?

ஏப்ரல் 11, சனி

எங்கே போவேனா! டாக்டர் கையெழுத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் தாள் ஒட்டினோம்: "பட்டில் தைத்த பழைய கல்யாண கவுன் இருந்தால் சலவைக்கூடத்தில் கொடுங்கள்." இரண்டு வந்தால் அதிகம் என்று நினைத்தேன்.

இன்றோடு பத்தொன்பது!

ஒருத்தி கணவனோடு கைகோத்து வந்து கொடுத்தாள். ஒருத்தி பையைக் கவுண்டரில் வீசிவிட்டு, "இதை எவ்வளவு சின்னதா வெட்ட முடியுமோ வெட்டுங்க" என்றாள். எனக்கு அவளைக் கட்டியணைக்க வேண்டும் போல் இருந்தது. ஒரு கிழவர் மனைவியுடையதைக் கொண்டுவந்தார். கத்தரியை நானே போடட்டுமா என்று கேட்டார். போடச் சொன்னேன். அளவு பிசகாமல் வெட்டினார். தொழில் தச்சராம்.

ஒவ்வொன்றிலும் ஒரு நூல் எடுத்துக் கொளுத்திப் பார்க்கிறேன். அதில் ஏழு அசல் பட்டு இல்லை. அவற்றைக் கொடுத்தவர்களிடம் பக்குவமாகச் சொன்னேன். ஒரு அம்மா வாயைப் பிளந்தாள்: "அப்போ முப்பது வருஷமா எங்க மாமியார் சொன்னது?"

என் மாமியார் எவ்வளவோ தேவலை.

ஏப்ரல் 12, ஞாயிறு

தங்கை தன்னுடையதைக் கொண்டுவந்தாள். நல்லபடியாக வாழ்கிறவள். அவள் ஏன் கொடுக்க வேண்டும்? கேட்டேன்.

"நல்லா வாழறதுக்கு கவுன் எதுக்குக்கா? ஆளு வீட்ல இருக்காரு" என்றாள்.

ஏப்ரல் 30, வியாழன்

டீச்சர் வீட்டுக்குப் போனாள். சலவைக்கூடம் வரை தானே நடந்து இறங்கி வந்து, மெஷின் மெஷினாகப் பார்த்தாள். கையில் மூன்று சட்டை, இரண்டு விரிப்பு. எப்படித் துவைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அதை எனக்கே ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டாள். வாத்தியாரம்மா அல்லவா.

கட்டிப்பிடிக்க முடியாது. உள்ளங்கையை என் உள்ளங்கை மேல், தொட்டும் தொடாமலும் வைத்தாள். அப்படியே ரொம்ப நேரம் நின்றோம்.

மே 19, செவ்வாய்

பட்டுக்கென்று தனி அறை கொடுத்துவிட்டார்கள். தனி மெஷின், இரண்டு தையல்காரிகள். கதவில் என் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. கிருமி சிஸ்டர் இப்போது பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்காரர்களை அழைத்துவந்து, "எப்படித் துவைக்கணும்னு இவங்களைக் கேளுங்க" என்கிறாள். கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன்.

ஜூலை 16, வியாழன்

வெயில் நல்ல வெயில். வார்டிலிருந்து காலையில் எண்பத்து நான்கு உருப்படிகள் வந்தன. மதியத்துக்குள் துவைத்து, நிழலில் போட்டு, மாலையில் மடித்தோம். புதுத் தையல்காரி, "இதுல உங்க கவுன் எது அக்கா?" என்று கேட்டாள்.

தேடிப் பார்த்தேன். எல்லாம் ஒரே தந்த நிறம், ஒரே வழுவழுப்பு. தெரியவில்லை.

வார்டிலிருந்து போன் வந்தது, கட்டில் தயாராம், உறை கேட்டார்கள். மேலே இருந்ததை எடுத்துப் பையில் கட்டி அனுப்பினேன்.