பாதி வேகத்தில் பாடுகிறவன்

மார்ச் 3, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி லிஃப்ட் இன்று இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே பத்துப் பேர். சரி, நாலு பேர். அதில் ஒன்று கைக்குழந்தை. நான் கீழேயே நின்று கதவில் காதை வைத்தேன். மோட்டார் இல்லை, கதவு உருளைதான் என்று சொன்னேன். திறந்து பார்த்தால் உருளையேதான். மேனேஜர் ஓடி வந்து கை கொடுத்தார். கொடுக்காமல் போயிருந்தாலும் கொடுத்தார் என்றுதான் எழுதியிருப்பேன், ஆனால் இன்று நிஜமாகவே கொடுத்தார்.

இது சாதாரணக் காது இல்லை. இப்படி ஒரு காதைக் கொடுத்துவிட்டு அதற்குத் தீனி போடாமல் விட்டால் பாவம் என்றுதான் ரெக்கார்டு வாங்குகிறேன். அதுவும் பழைய ராக் கோஷ்டிகளின் ஆல்பங்கள். பழசைத் தூசி தட்டி, மறுபடி செதுக்கி, கெட்டி அட்டை, படப் புத்தகம் எல்லாம் போட்டு வருகிற ராஜாப் பதிப்பு மட்டும். ஊருக்குள் என்னிடம் இருப்பது போல யாரிடமும் இல்லை. பல் டாக்டரிடம் கொஞ்சம் இருக்கிறது.

சாயங்காலம் மச்சான் வந்தான், என் வீட்டுக்காரியின் தம்பி. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் உத்தியோகம். சோப்புப் பெட்டி அளவில் ஒரு ஸ்பீக்கர் வைத்திருக்கிறான், போனிலிருந்து அதில் பாட்டுப் போடுவான்.

"மாமா, ஒரே பாட்டை எத்தனை தடவதான் வாங்குவீங்க?"

"லிஃப்ட் அதேதான்டா மச்சான். புதுக் கயிறு போட்டா, ஏறும்போதே கால் சொல்லும்."

அவள் தம்பிக்குத் தட்டு வைத்துக்கொண்டே சொன்னாள்: "விடுடா. அவர் பாட்டு அவருக்கு. நம்ம காது நல்லாத்தான் இருக்கு."

நம்ம. அந்த 'நம்ம'வில் நான் இல்லை.

அவளையும் குறை சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவு. நாள் பூராவும் மெஷின் இரைச்சல். வீட்டுக்கு வந்தால் சுவர்கூடப் பேசக் கூடாது என்பாள். நான் ஊசியை வைத்ததும் அடுக்களைக் கதவு சாத்திக்கொள்ளும். முன் அறையில் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன், ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. அவள் நாற்காலியில் இஸ்திரி போட வேண்டிய துணிதான் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறது.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. (துணியைச் சொன்னேன்.)

மார்ச் 5, வியாழன்

வந்துவிட்டது!! ரெக்கார்டுக் கடைக்காரன் குடுமி போன் பண்ணி, "அண்ணே, நாற்காலி வந்திருச்சு" என்றான். பாதி பிரித்த லிஃப்ட்டைப் பையன்களிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

தாடிக்காரர்களின் நாற்காலி ஆல்பம். கோஷ்டிக்கு வேறு பெயர் உண்டு, என் வாயில் நுழையாது. நாலு பேருக்கும் தாடி, அது போதும். அட்டையில் கடல். கடலுக்குள் பாதி முழுகி ஒரு சிவப்பு நாற்காலி. ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு. அட்டையைத் தடவினால் நாற்காலி மட்டும் விரலில் தட்டுப்படுகிறது, மேடாக அச்சடித்திருக்கிறார்கள்! விரித்தால் ஜன்னல் மாதிரி திறக்கிறது. ஒரு தட்டுப் பாட்டை இரண்டு தட்டில் தாராளமாக உட்கார வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கல் போலக் கனம். படப் புத்தகத்தில் மொட்டைமாடியில் உட்கார்ந்து அவர்கள் டீ குடிக்கிற படம்கூட இருக்கிறது. எந்த மகராசன் உட்கார்ந்து செய்தானோ, அவன் கை நன்றாக இருக்க வேண்டும்.

விலையை எழுத மாட்டேன். டைரிக்கும் கால் உண்டு.

மார்ச் 6, வெள்ளி

பிரிக்கவில்லை. அழுக்குக் கையோடு தொடுகிற சாமானா அது?

மார்ச் 8, ஞாயிறு

குளித்தேன். பிரித்தேன். போட்டேன்.

முதலில் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பாட்டு நகர மறுத்தது. டிரம்ஸ் அடி ஒவ்வொன்றும் யோசித்து யோசித்து விழுந்தது. பாடுகிறவன் குரல் அடித்தளத்து லிஃப்ட் குழிக்குள் நின்று ஒருவன் பேசுவது போல அவ்வளவு ஆழம். சின்ன வயதில் இதே பாட்டை நான் அவர்கள் மேடைக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டவன். (மேடை இல்லை. எதிர்வீட்டு ஜன்னல்.) அப்போது சரசரவென்று ஓடிய ஞாபகம்.

மெஷினில் கோளாறோ என்று பெல்ட்டைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. பிறகு அட்டையைத் திருப்பினேன். மூலையில் வட்டமாகத் தங்க ஸ்டிக்கர். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆஃப்... ஸ்பீடு...

பாதி வேகம்!

எப்பேர்ப்பட்ட மூளை! ஐம்பது வருஷமாக எல்லோரும் அவசர அவசரமாகக் கேட்ட பாட்டை, "இனிமேலாவது நிதானமாகக் கேளுங்கடா" என்று பாதி வேகத்தில் கொடுத்திருக்கிறார்கள். பணம் கொடுப்பது இதற்குத்தான். தட்டின் நடுவில் 45 என்றும் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அந்த டிகிரிக்கு மேல் வெயிலில் வைக்காதே என்று எச்சரிக்கை. எவ்வளவு பொறுப்பு பாருங்கள்.

அடுக்களைக் கதவு சாத்தவில்லை என்பதை மூன்றாவது பாட்டில்தான் கவனித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

நாற்காலி ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கையில் ஈரத் துண்டு. திட்டத்தான் வருகிறாள் என்று சத்தத்தைக் குறைக்கப் போனேன்.

"இருக்கட்டும்ங்க" என்றாள்.

இஸ்திரித் துணியை எடுத்துக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள். அவள் நாற்காலியில். அவளே!

பாட்டு முடிந்தது. அப்புறம் கேட்டாள்: "என்ன சொல்லிப் பாடுறான்?"

எனக்கு என்ன தெரியும்? கடலில் நாற்காலியைத் தொலைத்தவன் கதை என்று அடித்துவிட்டேன்.

"இல்ல. வேல முடிஞ்சு வந்தவன் மாதிரி பாடுறான். தோள் வலியோட."

கல்யாணம் ஆனதிலிருந்து என் ரெக்கார்டு ஒன்றைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை. நான் இத்தனை வருஷமாக இந்தப் பாட்டுகளைப் பற்றி அளந்ததை எல்லாம் தராசில் ஒரு பக்கம் வைத்தாலும், இவள் சொன்ன அந்த 'தோள் வலி' பக்கம்தான் கீழே இறங்கும்.

மார்ச் 11, புதன்

இன்றும் உட்கார்ந்தாள்.

மார்ச் 15, ஞாயிறு

குடுமி கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். வருகிறவர்களில் ஒருவர் தன் ரெக்கார்டைப் போட்டுக் காட்டி நாலு வார்த்தை பேசுவார். பல் டாக்டர் பேசினால் பல்லைப் பிடுங்குகிற மாதிரிதான், ஆனால் விஷயம் தெரிந்தவர். அடுத்த வாரம் நாற்காலியைப் பற்றி நான் பேசுவதாக ஒத்துக்கொண்டேன். அவர்கள் கெஞ்சினார்கள். கேட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்து குரல்:

"பொம்பளைங்க வரலாமா அங்க?"

"ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன். பெரிய ஸ்பீக்கர்ல அவன் எப்படி இருப்பான்னு."

மார்ச் 18, புதன்

ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டுவிட்டாள். நீலச் சேலைக்கு இஸ்திரி போட்டாயிற்று. நான் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். கண்ணாடிக்கே கண் கலங்கியது.

மார்ச் 22, ஞாயிறு

எழுதணுமா? எழுதிடறேன்.

கடை நிறையக் கூட்டம். இருபது பேர். பதினோரு பேர். அவளுக்குக் குடுமி முன் வரிசையில் ஸ்டூல் போட்டான். நான் எழுந்து, பாதி வேகத்தின் மகத்துவம் என்று ஆரம்பித்தேன். ஐம்பது வருஷத்து அவசரம், இப்போது நிதானம் என்று தண்ணீர் குடிக்காமல் பேசினேன். மெஷினை நானே, வீட்டில் வைக்கிற மாதிரி, 33 சுற்று வேகத்தில் வைத்தேன். ஊசி இறங்கியது. அவன் பாட ஆரம்பித்தான்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பல் டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார், அந்த மட்டில் நல்லவர். "அண்ணே, பாதி வேகத்துல செதுக்கினாங்க. தட்டு பண்ணும்போது. அப்படிச் செஞ்சா துல்லியமா வரும். நாம கேக்கும்போது முழு வேகம்தான். நடுவுல நாப்பத்தஞ்சுன்னு வேகம் போட்டிருக்கே?"

"அது வெயிலு இல்லையா?" — வாயில் வந்துவிட்டது.

அப்புறம் கடை முழுக்கச் சிரிப்பு. குடுமி கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சிரிச்சா சிரிக்கட்டும். எத்தனையோ பேரு சிரிச்சிருக்காங்க. ஆனா அவ முன்னாடி. ஷிஃப்ட் மாத்திட்டு வந்தவ முன்னாடி. நீலச் சேலை கட்டிட்டு—

டாக்டர் வேகத்தை மாற்றினார். பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. பொய் சொல்லக் கூடாது, அதுவும் அற்புதமாகத்தான் இருந்தது. கிட்டாரின் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக எண்ணலாம் போல. பாடுகிறவன் சின்னப் பையன் போலக் கீச்சென்று கூவினான். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் மட்டும் ஸ்பீக்கரை, அதற்குள் ஆளைத் தேடுகிறவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் கேட்டாள்: "அந்த ஆளு எங்க?"

"எந்த ஆளு?"

"நம்ம வீட்ல பாடினவன்."

"அவன்தான் இவன்."

"இல்ல. இவன் வேலைக்கே போகாதவன் மாதிரி இருக்கான்."

 ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 23, திங்கள்

தலைவலி. லிஃப்ட் எதுவும் நிற்கவில்லை. அதற்குக்கூட நான் வேண்டாம்.

மார்ச் 25, புதன்

சரியான வேகத்தில் போட்டேன். 45. முழுத் தட்டும் கேட்டேன். குற்றம் சொல்ல ஓர் இடம் இல்லை. உலகத்தில் இதைவிட நன்றாக ஒரு ரெக்கார்டு செய்ய முடியாது.

அடுக்களைக் கதவு சாத்தியிருந்தது. நாற்காலியில் துணி.

கற்பூரம் யார், கழுதை யார் என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 28, சனி

போடவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

பல் டாக்டர் வீட்டில் ரகசியமாகப் பாதி வேகத்தில் போட்டுக் கேட்டு, அழுதுகொண்டே எனக்குப் போன் பண்ணினார் என்று எழுத ஆசை. பண்ணவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

அவள் சலவையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டாள்: "ஏங்க, வீடு என்ன இப்படிச் செத்துக் கிடக்கு?"

"ஒன்னும் இல்லியே."

"நாற்காலிய ஏன் போடறதில்ல?"

"நீதான் வேணாம்னு..."

"வேலைக்குப் போகாதவன வேணாம்னேன். அந்த இன்னொருத்தனப் போடுங்க."

"அது தப்பான வேகம். ரெக்கார்டுக்கு அவமானம்."

"ரெக்கார்டு வந்து உங்ககிட்ட அழுதுச்சா?"

நான் பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருப்பது இந்த வீட்டில் பெரிய செய்தி. அவள் கையைத் துடைத்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். இத்தனை வருஷத்தில் அதைத் தூசிக்காகக்கூடத் தொட்டதில்லை.

"எந்தப் பொத்தான்?"

"இடது பக்கம்."

"தட்ட எப்படிப் பிடிக்கணும்?"

"ஓரத்த மட்டும். விரல் படக் கூடாது."

இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பிடித்தாள், சுடச்சுட வருகிற விரிப்பைப் பிடிக்கிற பழக்கம். நான் நாலு வருஷத்தில் கற்றதை அவள் நாலு நொடியில் பிடித்தாள். ஊசியை மட்டும் என் கையில் விட்டாள்.

அவன் திரும்பி வந்தான். அதே களைப்பு, அதே தோள் வலி. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கடல்ல நாற்காலியத் தொலச்சவன்னு சொன்னீங்களே, அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். எங்கிருந்து வந்ததோ, வந்துகொண்டே இருந்தது. அவள் நிறுத்தவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

மச்சான் வந்தான். வாசலிலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"மாமா, என்ன இழுக்குது? பேட்டரி போச்சா?"

இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன், நல்ல நீளமான பதில். வாயைத் திறப்பதற்குள் அவள் நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள்:

"எங்க பாட்டு இப்படித்தான்டா ஓடும். அவசரம்னா உன் சோப்புப் பெட்டிய எடுத்துட்டுக் கிளம்பு."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் அட்டையைப் பார்த்தேன்.

உட்கார வேறு இடம் இல்லை. கீழே கிடந்த இஸ்திரித் துணியை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில், "பாடறது யாரு, அக்கா?" என்று கேட்டான், என்னிடம் இல்லை, அவளிடம்.