குழாயில் பிடித்த தண்ணீர்

ஆமாம் அப்பா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். இளைத்தது போட்டோவில் மட்டும்தான். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா தூங்குகிறாளா?

இங்கே இறால் பண்ணையில் ஒரு சின்ன விஷயம். இறாலின் குடலில் நல்ல பாக்டீரியா இருந்தால்தான் தின்றது உடம்பில் ஒட்டும். அந்தப் பாக்டீரியாப் பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தீவனத்தில் பிசிறுவது என் வேலை. குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்து, குளோரின் போனபிறகே கரைக்க வேண்டும். சோம்பலில் பத்து நாளாக நேராகக் குழாயில் பிடித்துக் கரைத்தேன். பாக்டீரியா வாளியிலேயே செத்திருக்கும்.

இறால் தேறவில்லை. மேலாளர் தீவனம் போடும் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"பாதிய நீயே தின்னுட்டியா?"

"இறால் தீனி எனக்கு ஒத்துக்காது சார். அளந்துதான் போட்டேன்."

"வாய் மட்டும் கொறச்சலில்ல. திங்கக்கெழமேலேர்ந்து வராத."

நான் பக்கத்தில் நின்று குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே போகும்போது அண்ணன், "என்னம்மா, மொகம் வாடியிருக்கு? சாப்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன்.

உங்கள் பழைய முழுக்கைச் சட்டை ஒன்று அனுப்புங்கள். ஆய்வகத்தில் குளிர்கிறது. துவைக்க வேண்டாம்.

இதுவரை எழுதிவிட்டு, முடிக்க முடியாமல் எழுந்து போனேன். மேலாளரிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். அண்ணனைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். என்னைப் பற்றி நாளைக்குப் பேசலாமாம். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். அண்ணனிடம் நானே சொல்ல அவர் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.

உங்கள் மகள்